சௌந்திரத்துக்குக் கேட்ட பூ

சேலத்திலிருந்து திருச்செங்கோடு போகிற பஸ்ஸில் ஜன்னலோரமாக இடம் கிடைத்தும் ஞானமேரிக்கு இருப்புக்கொள்ளவில்லை. கைப்பையைத் திறப்பாள், மூடுவாள். உள்ளே கிடந்த ஜெபமாலையைத் தொட்டுப் பார்ப்பாள், விட்டுவிடுவாள். மறுபடியும் திறப்பாள். பார்த்துக்கொண்டே இருந்த கண்டக்டருக்குப் பொறுக்கவில்லை.

"ஏனுங்க டீச்சரம்மா, எதையாச்சும் மறந்து வெச்சுட்டு வந்துட்டீங்களா? வண்டிய நிறுத்தச் சொல்லட்டுங்களா?"

"இல்லைங்க, ஒண்ணும் மறக்கலை. நீங்க போங்க."

மறந்ததைத் தேடிப் போகிறவள் இல்லை அவள். பறிபோனதை மீட்கப் போகிறவள். பறிபோனது ஒரு பெண்.

ஞானமேரி சேலத்தில் ஒரு பெண்கள் கல்லூரியில் தத்துவம் சொல்லிக்கொடுத்தாள். நாட்டுக்குச் சுதந்திரம் வந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்த சமயம். கணக்குப் படித்தால் பாங்கி வேலை, விஞ்ஞானம் படித்தால் டாக்டர். தத்துவம் படித்தால் என்ன என்று கேட்டால் அவளுக்கே பதில் தெரியாது. மாதா கோயிலில் பூசை முடிந்து வெளியே வரும்போது அவள் சித்தி ரோசி ஊரறியக் கேட்பாள்: "ஏம்மா மேரி, அந்தப் பிள்ளைகளுக்கு யோசிக்கவா சொல்லித் தர்றே? அதுக்கா சம்பளம்?" ஞானமேரி சிரித்து மழுப்பிவிடுவாள்.

அவள் வகுப்பில் இருந்த பெண்களை ஒரு பெஞ்சில் உட்கார வைத்துவிடலாம். அந்த ஒரு பெஞ்சுக்கும் உயிராக இருந்தவள் சௌந்திரம். மல்லசமுத்திரம் தாண்டி ஒரு ஊரில் தோட்டம் துரவு உள்ள குடும்பம். அப்பா காளியண்ணன் அந்த ஊர் மாரியம்மன் கோயிலுக்குத் தர்மகர்த்தா. மூன்று வாரத்துக்கு முன்னால் கோயில் காரியம் என்று ஊருக்குப் போனவள் திரும்பவில்லை. ஏன் என்று அதே பக்கத்துப் பெண் ஒருத்தி விடுதியில் வந்து சொன்ன அன்றிலிருந்துதான் ஞானமேரிக்குச் சோறு இறங்கவில்லை.

நடந்தது இதுதான். ஊரில் பஞ்சாயத்துத் தேர்தல் வந்தது. அந்த ஊர்க்காரர்களுக்குப் போட்டி என்றாலே பயம். ஓட்டுப்பெட்டி வந்தால் அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை நின்றுபோகும், பண்டிகைக்குக்கூடச் சேர மாட்டார்கள் என்று நினைத்தார்கள். அதனால் பெண் பார்ப்பதற்கும் கிணறு வெட்டுவதற்கும் ஆத்தாளிடம் பூக் கேட்பது போலவே, பிரசிடெண்டு யார் என்பதற்கும் பூக் கேட்டார்கள். வெள்ளை அரளி ஒன்று, செவ்வரளி ஒன்று, தனித்தனியே இலையில் மடித்து அம்மன் காலடியில் போடுவார் பூசாரி. ஒரு குழந்தை ஒன்றை எடுக்கும். வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் இல்லை. உத்தரவு கிடைத்தவர் மட்டும் மனுப் போடுவார். ஒரே மனு என்றால் ஓட்டெடுப்பே தேவையில்லை.

இரண்டு பேர் நிற்க ஆசைப்பட்டார்கள். முதலில் ராசப்பன், மேற்குத் தெருவில் வண்டி வைத்துப் பருத்தி ஏற்றுகிறவர். அவருக்குச் சிவப்பு வந்தது. "ஆத்தா சொன்னாச் சொன்னதுதானுங்க" என்று துண்டை உதறித் தோளில் போட்டு ஓரமாகப் போய் நின்றுவிட்டார். அடுத்து வெள்ளியங்கிரி. காளியண்ணனின் மச்சினர், சௌந்திரத்துக்குத் தாய்மாமன். அவருக்கும் சிவப்பே வந்தது. பூசாரி, இலை சரியாக மடியவில்லை என்றார். மறுபடி போட்டார்கள்; மறுபடியும் சிவப்பு. குழந்தை இடது கையால் எடுத்துவிட்டது என்றார்கள். மூன்றாம் தரம் வெள்ளை. உடனே மேளம் கொட்டியாயிற்று.

அந்த மேளத்துக்கு நடுவில்தான் சௌந்திரம் கேட்டாள். தனியாக வீட்டில் வைத்துக் கேட்டிருந்தால் ஒன்றுமில்லை. கோயில் வாசலில், ஊர் முழுக்க நிற்கும்போது கேட்டாள்: "அப்பா, ராசப்பன் சித்தப்பாவுக்கு ஒரு தரம் கேட்டீங்க. மாமனுக்கு மூணு தரம் கேட்டீங்க. ரெண்டு பேருத்துக்கும் ஒரே முறையாத்தானே கேக்கோணும்?"

மேளம் நின்றது. படிப்பும் அன்றோடு நின்றது. வைகாசியில் வெள்ளியங்கிரி மகனுக்கே அவளைக் கட்டிவிடுவது என்று பேச்சாகிவிட்டது.

'ஒருத்தருக்கு ஒரு விதி, இன்னொருத்தருக்கு வேறே விதி என்றால் அது விதியே இல்லை.' இதைச் சொன்னது ஞானமேரிதான். கரும்பலகையில் எழுதிக்கூடப் போட்டாள். பரீட்சையில் வரும், குறித்துக்கொள்ளுங்கள் என்றாள். மற்ற பெண்கள் குறித்துக்கொண்டார்கள். இந்தப் பெண் அதை ஊருக்குக் கொண்டுபோய்விட்டாள்.

ஞானமேரியின் நெஞ்சை அரித்தது அதுதான். சொல்லிக்கொடுத்தவளுக்கு ஒரு கீறலும் இல்லை. மாதம் பிறந்தால் சம்பளம். கேட்டவளுக்கோ படிப்புப் போயிற்று. அதைவிடப் பெரிய குத்தல் ஒன்று இருந்தது: அந்த மாதிரி ஒரு கேள்வியை வகுப்புச் சுவருக்கு வெளியே ஞானமேரி இதுவரை ஒரு தரமும் கேட்டதில்லை.

புறப்படுவதற்கு முந்தின நாள் பிரின்சிபால் அம்மாவிடம் சொல்லிக்கொள்ளப் போனாள். அந்த அம்மா நல்லவர்தான். ஆனால் எதற்கும் கல்லூரியின் பெயர் கெட்டுவிடும் என்று பயப்படுகிறவர்.

"ஊர் அரசியலில் நமக்கென்ன வேலை, மேரி? கேள்வியெல்லாம் வகுப்புக்குள்ளே இருக்கணும். நீ போனால் கல்லூரி போன மாதிரி ஆகும்."

"அந்தப் பொண்ணு கேட்டது வகுப்பிலே நாம சொன்னதுதான் மேடம்."

"சொல்றது வேறே. அவ்வளவு அக்கறைன்னா வீட்டிலிருந்தே பரீட்சை எழுதட்டும். பெண்களுக்கு யுனிவர்சிட்டியிலே அந்த அனுமதி இருக்கே." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அடுத்த வருஷம் உன் பிரிவே இருக்குமோ என்னமோ. பிள்ளைகள் சேர்றதில்லை. இந்த நேரத்திலே இது வேறேயா?"

வீட்டிலிருந்தே எழுதுவதாம்! பருத்திக் காட்டுக்கு நடுவில் அவளுக்குத் தர்க்கம் யார் சொல்லித் தருவார்கள், காக்காயா? ஞானமேரி எழுந்து வந்துவிட்டாள்.

ஊருக்குப் பாதை பிரிகிற விலக்கில் இறங்கும்போது வெயில் சுள்ளென்று ஏறியிருந்தது. தூரத்தில் திருச்செங்கோட்டு மலை படுத்துக் கிடந்தது. இரண்டு பக்கமும் பருத்தி வெடித்துக் கிடந்த காட்டு வழியே நடந்து போனாள். வாசலிலேயே காளியண்ணன் எதிர்கொண்டார். நெட்டையான மனிதர். எதையோ தொலைத்தவர் மாதிரி முகம்.

"வாங்க டீச்சரம்மா, வாங்க. ஊட்டுக்குள்ளார வாங்க. வெயில்ல நடந்தே வந்தீங்களா? ஒரு சொல்லு சொல்லியுட்டிருந்தா வண்டி கட்டியிருப்பனே. அம்மிணி, ஆரு வந்திருக்காங்கன்னு பாரு!"

சௌந்திரம் ஓடிவந்தாள். மூன்று வாரத்தில் இளைத்திருந்தாள். பின்னாலேயே அவள் அம்மா பொன்னாத்தாள் மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு, சுவரோரம் உட்கார்ந்து பருத்தியில் கொட்டை பிரிக்க ஆரம்பித்தாள். அந்த அம்மாள் வாயைத் திறக்கவே இல்லை.

ஞானமேரி வரும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்ததைச் சொன்னாள். நல்ல பெண், முதல் வகுப்பில் தேறுவாள், இன்னும் ஒரே வருஷம்.

"தெரியுமுங்க" என்றார் காளியண்ணன். "எம் புள்ள நெம்பக் கெட்டிங்க. நான் இல்லீங்கல. ஆனா ஊரு முன்னால என்னையப் பாத்துக் கேட்டுப்போட்டாளுங்களே. நான் இனி எப்படீங்க அந்த வாசல்ல நிக்கறது?"

"அவ கேட்டது தப்புங்களா?"

அவர் மோர்ச் செம்பை எடுத்தார், குடிக்காமல் கீழே வைத்தார்.

அந்த நேரம் பார்த்து வெள்ளியங்கிரி வந்து சேர்ந்தார். ஜிப்பா, தங்கப் பித்தான், வாய் நிறையச் சிரிப்பு. "இவீங்கதானா அந்த டீச்சரம்மா! ஏனுங்க, நாங்க புள்ளைய எழுதப் படிக்கத்தானுங்க அனுப்பிச்சோம். நீங்க வக்கீலாக்கி அனுப்பிட்டீங்களே!"

"மாமா, வக்கீலுக்குப் பீஸு உண்டு. நான் சும்மாத்தானே கேட்டேன்" என்றாள் சௌந்திரம்.

"பாத்தீங்களா? வாயி, வாயி!" என்று அவர் சிரித்தார். சிரிப்பு கண்ணுக்கு ஏறவில்லை.

காளியண்ணன் எழுந்தார். "இத பாருங்க. நானாப் போகக் கூடாதுன்னு சொன்னா எம் மனசு கேக்க மாட்டீங்குது. போன்னு சொன்னா ஊரு கேக்காது. ஆத்தாகிட்டயே கேட்றலாம். வெள்ளை வந்தா இன்னைக்கே உங்ககூடச் சேலத்துக்கு அனுப்பறேன்."

ஒரு பெண்ணின் படிப்பு அரளிப்பூவில் நிற்பதா? தர்க்க ஆசிரியை அங்கேயே முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். அவள் சொல்லவில்லை. வெள்ளை வந்துவிட்டால்? பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கிறதே! ஆசை கண்ணை மறைத்தது. தலையை ஆட்டிவிட்டாள். சௌந்திரம் டீச்சரைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், "சரிங்பா" என்றாள்.

சேதி பரவி, கோயில் வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. ராசப்பனும் வண்டியை நிறுத்திவிட்டு வந்து நின்றார். ஞானமேரி ஓரமாக நின்றாள். கை தன்னால் பைக்குள் போய் ஜெபமாலையைப் பிடித்தது. மாரியம்மன் கோயிலில் வெள்ளைப் பூ வரவேண்டும் என்று மாதாவிடம் வேண்டிக்கொள்கிறோமே, இது எந்தத் தர்க்கத்தில் சேர்த்தி என்று அந்தப் பதற்றத்திலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

பூசாரி இலையைப் பதமாக மடித்தார். யாரோ ஒருத்தியின் இடுப்பில் இருந்த பெண் குழந்தையை இறக்கிவிட்டார்கள். குழந்தை வலது கையால் எடுத்தது. பூசாரி பிரித்தார்.

சிவப்பு.

கூட்டத்தில் யாரோ உச்சுக் கொட்டினார்கள். காளியண்ணன் முகம் செத்துப்போயிற்று. மகளைத் தடுக்க வேண்டும் என்று அவருக்கு ஆசையே இல்லை என்பது அப்போதுதான் எல்லாருக்கும் தெரிந்தது.

"பூசாரி, எல சரியா மடியலையாட்ட இருக்குது" என்றார் வெள்ளியங்கிரி. குரலில் தேன் ஒழுகியது. "இன்னொருக்காப் போடுங்க. எங்கக்கா மவ படிச்சா எனக்கும் பெருமைதானே?"

காளியண்ணன் முகத்தில் உயிர் வந்தது. ஞானமேரியின் வாய் அவளைக் கேட்காமலே பேசிற்று: "ஆமாங்க, இன்னொரு தரம் பார்த்துடலாமே!"

சொன்ன மறு நிமிஷமே அவளுக்குச் சுருக்கென்றது. வெள்ளியங்கிரி எதற்கு இவ்வளவு தாராளமாகிறார்? இன்று இந்தப் பெண்ணுக்கு இன்னொரு தரம் போட்டால், அன்றைக்கு அவருக்கு மூன்று தரம் போட்டதும் சரியாகிவிடும். கேட்டவள் வாயாலேயே அவள் கேள்வியை அடைத்துவிடலாம். புரிந்தது. புரிந்தும், வெள்ளை வந்தால் சாயங்காலம் சௌந்திரத்தோடு பஸ் ஏறிவிடலாமே என்றுதான் அந்தப் பாழும் மனசு அடித்துக்கொண்டது.

"வேண்டாங்பா" என்றாள் சௌந்திரம்.

"அம்மிணி, சும்மா இரு" என்றார் அப்பா. கெஞ்சல் மாதிரி இருந்தது.

"புடிவாதம் புடிக்காத சாமி" என்றார் மாமன். "உனக்கு நல்லதுக்குத்தானே? ஆத்தா மனசு மாறப்படாதா?"

"மாறலாமுங்க மாமா. அப்ப ராசப்பன் சித்தப்பாவுக்கும் வெள்ளை வர்ற மட்டும் போடுங்க. அப்பறமா எனக்குப் போடுங்க."

கூட்டத்தில் ஒரு பெண் களுக்கென்று சிரித்துவிட்டாள். ராசப்பன் தலையைக் குனிந்துகொண்டார். சௌந்திரத்தின் கண் நிறைந்திருந்தது, ஆனால் குரல் ஆடவில்லை. ஞானமேரியின் பக்கம் ஒரு தரம் திரும்பினாள். கோபமில்லை. 'நீங்க சொன்னதுதானே மிஸ்' என்பது போல ஒரு பார்வை, அவ்வளவுதான். அதற்குப் பதில் அடித்திருந்தால்கூட ஞானமேரிக்கு இவ்வளவு வலித்திருக்காது.

காளியண்ணன் முன்னால் வந்தார். அந்தச் சிவப்புப் பூவை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"செவப்புன்னா செவப்புத்தான். எம் மவளுக்கும் சரி, மச்சினனுக்கும் சரி. மொதப் பூவுதான் பூவு. ஆருக்கும் உத்தரவு இல்ல. மனுப் போட இன்னும் நாள் இருக்குது. நிக்கறவங்க போட்டு நில்லுங்க. சனம் ஓட்டுப் போடட்டும்."

"மாமா! ஊரு ரெண்டாப் போயிரும்!" என்று கத்தினார் வெள்ளியங்கிரி.

"இப்ப மட்டும் ஒண்ணாவா இருக்குது?"

"அப்ப வைகாசியும் இல்லைன்னு வெச்சுக்குங்க."

"வெச்சுக்கிட்டேன்."

வெள்ளியங்கிரி துண்டை உதறிக்கொண்டு போனார். போகிற போக்கில் ஞானமேரியைப் பார்த்து, "நல்லாச் சொல்லிக் குடுத்தீங்க போங்க" என்றார். அதில் பொய் இல்லை என்றுதான் அவளுக்கும் தோன்றியது.

கல்யாணம் நின்றது, தேர்தல் வந்தது. ஆனால் சௌந்திரம் சேலம் போக முடியாது. அவளே போட்டுக்கொண்ட பூட்டு. ஞானமேரி அவள் கையைப் பிடித்து அழுத்திவிட்டு விடைபெற்றாள். தனியாக விலக்குக்கு வந்து நின்றாள். ஒரு பஸ் வந்தது; ஏறவில்லை. புழுதி அடங்குவதற்குள், ஏறியிருக்கலாமே என்று நினைத்தாள். அங்கே நடந்தாள், இங்கே நடந்தாள். மரத்தடியில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த பொம்பளை, "ஆருக்கோ உடம்பு சரியில்லையாட்ட இருக்குது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

பருத்திக் காட்டு வழியே காளியண்ணன் வேகவேகமாக வந்தார். கையில் ஒரு பை நிறைய நிலக்கடலை.

"வெறுங்கையோட போறீங்களே, இதை எடுத்துக்குங்க." பையைக் கொடுத்துவிட்டும் போகாமல் நின்றார். "டீச்சரம்மா, எனக்கு ஒரு ரோசனைங்க. சரியா தப்பான்னு நீங்கதான் சொல்லோணும். மவ சேலத்துக்குப் போலாமான்னுதானுங்க ஆத்தாகிட்டக் கேட்டோம். படிக்கலாமான்னு ஆருமே கேக்கலீங்களே?"

ஞானமேரி அவரையே பார்த்தாள். பிரின்சிபால் அம்மா சொன்னது காதில் விழுந்தது. காக்காயா சொல்லித் தரும் என்று தான் நினைத்ததும்.

"வீட்டிலிருந்தே பரீட்சை எழுதலாமுங்க" என்றாள் மெதுவாக. "பொம்பளைப் பிள்ளைகளுக்கு அனுமதி இருக்கு. சனிக்கிழமைதோறும் நான் வந்து சொல்லித் தர்றேன். ஆனா இது ஏமாத்து வேலைன்னு அவ சொல்லிட்டா?"

"அதை மொதல்லயே அவகிட்டக் கேட்டுப்போட்டுத்தானுங்க வந்தேன்" என்றார் காளியண்ணன். அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தார். "பூவை ரெண்டாந்தரம் போடாத வரைக்கும் சரிங்பான்னுட்டா."

அடுத்த சனிக்கிழமை பருத்தி போட்டுவைக்கிற அறையில் வகுப்பு நடந்தது. சௌந்திரத்துக்கு ஒரு பாய், டீச்சருக்கு ஒரு நாற்காலி. கொஞ்ச நேரத்தில் பொன்னாத்தாள் தன் கொட்டைக் கூடையோடு வந்து உட்கார்ந்தாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள், உள்ளே வந்தார்கள். மனுப் போட்டிருந்த ராசப்பன், பருத்தி ஏற்ற வந்த சாக்கில் வாசற்படியிலேயே குந்திவிட்டார். "எதிராளி பேசறதுல ஓட்டை எங்கெங்க இருக்குதுன்னு கண்டுபுடிக்கச் சொல்லித் தர்றீங்களாமா?" என்று கேட்டார்.

"முதல்லே நாம பேசறதிலே கண்டுபிடிக்கணுங்க" என்றாள் ஞானமேரி.

"அது கஷ்டமுங்களே" என்றார் அவர். எல்லாரும் சிரித்தார்கள்.

வகுப்பு முடிகிற நேரம். அதுவரை வாயைத் திறக்காத பொன்னாத்தாள், கொட்டையை விரலால் பிதுக்கிக்கொண்டே தலை நிமிராமல் கேட்டாள்: "ஏனுங்க டீச்சரம்மா, எங்கூர்ல பூக் கேட்டு முடிவு பண்றது தப்புன்னாங்க. இப்ப ஓட்டுங்கறாங்க. சரி. உங்க காலேஜ்ல எது ஒண்ணையும் முடிவு பண்றதுன்னா, உங்களையெல்லாம் கேட்டுத்தான் பண்றாங்களுங்களா?"

கிண்டலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். "இல்லைங்க" என்றாள் ஞானமேரி. "கேக்கறதில்லை. நாங்களும் கேட்டதில்லை."

"அப்படீங்களா" என்றாள் பொன்னாத்தாள். அடுத்த கொட்டையைப் பிரித்தாள்.

அன்றைக்குத் திரும்புகிற பஸ்ஸிலும் அதே கண்டக்டர். அவள் கைப்பையைத் திறந்து மூடுவதைப் பார்த்தார். இந்தத் தரம் ஒன்றும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் கல்லூரியில் ஆசிரியைகள் கூட்டம். எப்போதும்போல மின்விசிறி கிறீச்சிட்டது, எப்போதும்போல எல்லாரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிரின்சிபால் அம்மா கடைசியாக ஒன்றைச் சொன்னார். போதிய மாணவிகள் இல்லாததால் வருகிற ஆண்டிலிருந்து தத்துவப் பிரிவை மூடிவிட நிர்வாகம் நினைக்கிறது. ஞானமேரிக்கு அலுவலகத்தில் வேறு பொறுப்புத் தரப்படும்.

"யாருக்கும் ஆட்சேபணை இல்லையே?" என்றார், காகிதத்தை மடித்துக்கொண்டே. அந்தக் கேள்விக்கு அந்த அறையில் இதுவரை யாரும் பதில் சொன்னதில்லை. அவர் பதிலுக்காக நின்றதும் இல்லை.

ஞானமேரி கைப்பையை மூடி மேசைமேல் வைத்தாள். கோயில் வாசலில் மேளத்துக்கு நடுவே கேட்டபோது அந்தப் பெண்ணுக்கும் இப்படித்தான் பயமாக இருந்திருக்குமோ?

நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்து நின்றாள்.

"இருங்க மேடம்" என்றாள். "எங்களை இன்னும் கேக்கவே இல்லையே."